தேதியை மாற்றும்போது எங்கள் வீடுகளையும் கணக்கில் எடுங்கள்

மலைசைக்கிள் போட்டியின் அமைப்புக் குழுவினருக்கு,

காலாண்டு விடுமுறை ஞாயிற்றுக்கிழமை நடந்துவந்த போட்டியை இந்த ஆண்டு தீபாவளிக்கு முந்தைய ஞாயிறுக்கு மாற்றியிருக்கிறீர்கள். ஒரே காலையில் முடிந்துகொண்டிருந்ததை இரண்டு நாளாக்கி, சனிக்கிழமை மதியம் நேரில் வந்து பயிற்சிச் சுற்று ஓட்டாதவர்களுக்கு ஞாயிறு அனுமதி இல்லை என்கிறீர்கள். முன்பதிவு முடியும் நாளில் எட்டுப் பேர் சேராத பிரிவு ரத்தாகும், அதில் பெயர் கொடுத்தவர்கள் பொதுப் பிரிவில் ஓட்டிக்கொள்ளலாம் என்கிறீர்கள். குழந்தைகள் ஓட்டத்தை எடுத்தேவிட்டீர்கள். இவ்வளவும் ஒரே வாட்ஸ்அப் செய்தியில் வந்தது. பழைய தேதிக்கு அப்போது ஐந்து வாரம்தான் பாக்கி. கட்டிய நுழைவுக் கட்டணம் திரும்பக் கிடைக்காது என்பது அந்தச் செய்தியின் கடைசி வரி.

இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. குழுவில் இருக்கும் ஒருவரிடம் போனில் பேசினேன். "எல்லாருக்கும் ஒத்துவர்ற மாதிரி தேதி வைக்க முடியுங்களா?" என்று கேட்டார். முடியாதுதான். ஆனால் இந்த முறை யாருக்கு ஒத்துவருகிறது, யாருக்கு ஒத்துவரவில்லை என்பதை உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

நான் கோயம்புத்தூரில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். கணவர் கணபதி பகுதியில் லேத் பட்டறை நடத்துகிறார். மகள் ஆறாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. மாமியார் எங்களோடு இருக்கிறார். எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கோச் கிடையாது, ஸ்பான்சர் கிடையாது, சைக்கிளும் பின் சக்கரத்துக்கு சஸ்பென்ஷன் இல்லாத பழைய ஹார்ட்டெயில்தான். ஆனாலும் உங்கள் போட்டியை வைத்துத்தான் ஆண்டின் இரண்டாம் பாதியைத் திட்டமிடுகிறேன். உங்கள் தொடக்கக் கோட்டில் நிற்பவர்களைக் கொஞ்சம் பாருங்கள். மில் சூப்பர்வைசர், பள்ளி ஆசிரியர், ஐடி கம்பெனிக்காரர், பல் டாக்டர், பம்ப்செட் டீலர். சைக்கிள் ஓட்டிச் சம்பாதிப்பவர் அதில் யாருமில்லை. பாதிப் பேருக்கு மேல் பிள்ளை பெற்றவர்கள். இந்தப் போட்டி இத்தனை ஆண்டு நடந்தது அவர்கள் கட்டிய பணத்தாலும், அவர்கள் வீட்டார் விட்டுக்கொடுத்த ஞாயிற்றுக்கிழமைகளாலும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

மலைசைக்கிள் போட்டிக்குச் சும்மா சைக்கிள் ஓட்டிப் பழகினால் போதாது. ஒரே வேகத்தில் மிதித்துக்கொண்டு போகும் விளையாட்டு இல்லை இது. ஒரு நிமிட ஏற்றத்தில் மூச்சு தொண்டைக்கு வரும், இறக்கத்தில் கையும் கண்ணும் வேலை செய்யும், மூச்சு இறங்குவதற்குள் அடுத்த ஏற்றம் வந்து நிற்கும். அதனால் வாரத்தில் இரண்டு நாளாவது இன்டர்வல் பயிற்சி வேண்டும்: நாலு நிமிடம் முழு மூச்சு, நாலு நிமிடம் மெதுவாக, மறுபடியும் முழு மூச்சு. அதற்கப்புறம் உடம்பு தேற ஒரு நாள் முழுசாக விட வேண்டும். வாரக் கடைசியில் ஒரு நீண்ட ஓட்டம். பாறையிலும் வேரிலும் சைக்கிளைக் கட்டுப்படுத்தும் பழக்கம் மண் பாதைக்குப் போனால்தான் வரும். வீட்டு மாடியில் வராது. எல்லாம் சேர்த்தால் வாரத்துக்கு ஏழெட்டு மணி நேரம். தொழில்முறை வீரர்கள் மூன்று நாளில் முடித்துவிடும் அளவுதான். எங்களுக்கு அதை ஒரு வாரத்திலிருந்து பிய்த்தெடுப்பதே பெரும்பாடு.

இன்டர்வலை நான் மொட்டை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெய்னரில் செய்கிறேன். ஐந்து மணிக்கு ஏறினால்தான் ஆறுக்கு இறங்கி, குளித்து, இரண்டு டிபன் பாக்ஸ் கட்ட முடியும். நீண்ட ஓட்டம் ஞாயிறு காலை, ஆனைகட்டி ரோட்டிலும் சிறுவாணிப் பக்கத்து மண் தடங்களிலும். தடாகம், மாங்கரைப் பக்கம் விடியும் முன் போக முடியாது, யானை நடமாட்டம். அதனால் வெளிச்சம் வந்த பிறகுதான் கிளம்ப வேண்டும், திரும்பும்போது ஒன்பதரை, பத்து ஆகிவிடும். ஒரு பெண் அந்தத் தடங்களில் தனியாக ஓட்டுவதும் நடக்காது. கூட வரும் மற்ற இரண்டு பெண்களின் வீட்டுக்கும் அந்த நேரம் ஒத்துவர வேண்டும்.

அந்த நாலு மணி நேரத்தில் என் வீட்டில் என்ன நடக்கிறது என்பது உங்கள் விதிப்புத்தகத்தில் எங்கும் இல்லை. கணவருக்கு வாரத்தில் ஒரே விடுமுறை ஞாயிறு. அதில் பாதியை எனக்குக் கொடுத்துவிட்டு, மகனை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போய், கறி வாங்கி, மகளின் கணக்கு வீட்டுப்பாடத்தோடு மல்லுக்கட்டுகிறார். பதிலுக்குப் பட்டறையின் ஜிஎஸ்டி கணக்கை சனிக்கிழமை இரவு நான் போட்டுக் கொடுக்கிறேன். மாமியார் ஞாயிறு காலை டிபனைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். முழங்கால் வலியோடு நின்றுதான் தோசை சுடுகிறார். போட்டி முடிந்த அடுத்த வாரம் அவரைப் பழனிக்குக் கூட்டிப்போவது எங்களுக்குள் இருக்கும் ஏற்பாடு. கணவர் அவருடைய கிரிக்கெட் டீமுக்குத் திரும்புவதும் அந்த வாரத்திலிருந்துதான். இது யாரும் எழுதி வைத்த ஒப்பந்தம் இல்லை. ஆனால் எல்லாருக்கும் தெரிந்த ஒரு முடிவு நாள் இருப்பதால்தான் அது நிற்கிறது. அந்த நாளைக் கொடுப்பது நீங்கள்.

போட்டி தேதி அறிவித்ததும் சமையலறைக் காலண்டரில் மகள் சிவப்பு மையில் வட்டம் போட்டாள். அங்கிருந்து பின்னோக்கிப் பன்னிரண்டு வாரம் எண்ணித் திட்டம் போட்டேன். நீங்கள் தேதியை மாற்றியபோது அதில் ஏழு வாரம் முடிந்திருந்தது. இன்னும் நாலு வாரம் கூடுதலாக வேண்டும் என்று கணவரிடமும் மாமியாரிடமும் நான் போய்க் கேட்க வேண்டியதாயிற்று. கணவர் ஒன்றும் சொல்லவில்லை. மாமியார், "அப்ப பழனி?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

நாலு வாரம் கூடுதலாகக் கிடைத்தால் பயிற்சிக்கு நல்லதுதானே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அப்படி இல்லை. முதல் பாதியில் அளவைக் கூட்டி, அப்புறம் வேகத்தைக் கூட்டி, கடைசி இரண்டு வாரம் ஓட்டும் நேரத்தைப் பாதியாகக் குறைத்து, வேகத்தை மட்டும் விடாமல் வைத்திருந்து உடம்பைத் தயார் செய்கிறோம். அந்த உச்சம் சில நாள் நிற்கும், பல வாரம் நிற்காது. கடும் இன்டர்வல் வாரங்களை இன்னும் நாலு வாரம் இழுத்தால் தூக்கம் கெடும், சளி பிடிக்கும், வீட்டில் எரிந்து விழுவோம். வேலைக்கும் போய், பிள்ளை இருமும்போது ராத்திரி எழுந்தும் பயிற்சி செய்பவர்களுக்கு அந்த எல்லை இன்னும் சீக்கிரம் வந்துவிடும். தொழில்முறை வீரருக்குப் பயிற்சியில்லாத நேரம் ஓய்வு. எங்களுக்குப் பயிற்சியில்லாத நேரம் வேலை.

அடுத்து, நீங்கள் தேர்ந்தெடுத்த நாள். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு என்றால் தமிழ்நாட்டில் ஒரு குடும்பம் என்ன நிலையில் இருக்கும் என்று உங்கள் வீட்டிலேயே கேட்டிருக்கலாம். ஒப்பணக்காரத் தெருவிலும் கிராஸ்கட் ரோட்டிலும் துணி எடுக்கிற நாள் அது. முறுக்குக்கும் அதிரசத்துக்கும் மாவு தயாராகிற நாள். பட்டறையில் போனஸ் கணக்கு முடிக்க வேண்டும். ஆட்கள் ஊருக்குப் போகும் முன் ஆர்டர்களை அனுப்ப வேண்டும். வங்கியில் அந்த வாரம் கவுண்டரில் நிற்கும் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். அந்த ஞாயிறு ஒரு ஆண் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினால் வீட்டில் முணுமுணுப்பார்கள். ஒரு பெண் கிளம்பினால் அவள் அந்தப் பேச்சைத் தீபாவளி முடிந்த பிறகும் கேட்க வேண்டியிருக்கும். இது நியாயம் என்று நான் சொல்லவில்லை. நிலைமை இதுதான் என்று தெரிந்தும் அந்த நாளையே போட்டிக்கு வைப்பது, பெண்களே வராதீர்கள் என்று சொல்வதற்குச் சமம்.

மழையையும் நீங்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்குகிறது. கோவைப் பக்கம் ஆண்டிலேயே அதிக மழை பெய்வது அக்டோபரிலும் நவம்பரிலும்தான். பழைய தேதி அதற்கு முன்னால் இருந்தது, புதிய தேதி அதன் நடுவில் இருக்கிறது. உங்கள் பாதையில் பாதி செம்மண், அது தாங்கும். தோப்பைத் தாண்டி வரும் பகுதி கரிசல். கரிசல் நனைந்தால் ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது, செயின் அறுந்துபோகும், பிரேக் பேட் ஒரே நாளில் தேயும். ஸ்பான்சர் உள்ளவருக்கு அது ஒரு செலவே இல்லை. பள்ளிக் கட்டணமும் தீபாவளித் துணியும் ஒரே மாதத்தில் வரும் வீட்டுக்கு அது பெரிய செலவு.

அடுத்து, சனிக்கிழமை கட்டாயப் பயிற்சிச் சுற்றைப் பற்றிச் சொல்கிறேன். போன ஆண்டு பாறை இறக்கத்தில் ஒருவர் விழுந்து காறை எலும்பு முறிந்தது. நானும் அவர் பின்னால்தான் வந்துகொண்டிருந்தேன். அதன் பிறகு பாதுகாப்பை நீங்கள் கூடுதலாக யோசிக்கிறீர்கள் என்றால் அதை மனதார மதிக்கிறேன். ஆனால் அதற்கு எடுத்த வழி எங்களில் பலரை வெளியே தள்ளுகிறது. வங்கிகளுக்கு மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள்தான் விடுமுறை. நீங்கள் வைத்திருப்பது ஐந்தாம் சனிக்கிழமை, அதோடு மாதக் கடைசி நாள். எனக்கு லீவு கிடைக்காது. ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் சனிக்கிழமை முழு வேலை நாள். பல தனியார் பள்ளிகளும் இயங்கும். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு ஒரு இரவு அறை வாடகை கூடும். பிள்ளைகளை இரண்டு நாள் யாரிடம் விடுவது என்ற கேள்வி அதற்கு மேல். பெண்கள் பிரிவுக்கு நீங்கள் வைப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரப் போட்டி. அதற்கு இரண்டு நாள் கேட்கிறீர்கள்.

2023 அக்டோபரில் ஆசிய மலைசைக்கிள் சாம்பியன்ஷிப் கேரளாவில் திருவனந்தபுரம் பக்கம் இருக்கும் பொன்முடியில் நடந்தது. அப்படி ஒரு போட்டிக்குப் பல நாள் வேண்டியதுதான். அங்கே வருபவர்கள் நாட்டின் சார்பாக வருகிறார்கள், கோச்சும் மெக்கானிக்கும் கூட வருகிறார்கள், அந்தப் பாதையைப் படிப்பதே அவர்கள் வேலை. உலக அளவில் முதல்நிலை வீரர்கள் ஒரே பாதையைப் பல சுற்று ஓட்டும் கிராஸ்கன்ட்ரி போட்டி 1 மணி 20 நிமிடத்திலிருந்து 1 மணி 40 நிமிடம் வரை ஓடும். ஒரு சுற்றின் நீளம் சில கிலோமீட்டர்தான். அதே மாதிரி பாதையை நம் ஊரிலும் போட வேண்டும் என்ற உங்கள் ஆசை எனக்கும் உண்டு. பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வீரர்களின் கால அட்டவணையையும் சேர்த்து எங்கள் மேல் ஏற்றாதீர்கள்.

இந்த விளையாட்டே வேலைக்குப் போனவர்களும் படித்துக்கொண்டிருந்தவர்களும் ஆரம்பித்ததுதான். கலிஃபோர்னியாவின் மாரின் கவுண்டியில் 1976 அக்டோபரில் சில நண்பர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மலை மேலே கொண்டுபோய், மண் பாதையில் யார் முதலில் இறங்குவது என்று ஓட்டிப் பார்த்தார்கள். அங்கிருந்து இருபது ஆண்டில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைசைக்கிள் இடம் பிடித்தது. முதல் முறையே ஆண்களுக்கும் பெண்களுக்கும் போட்டி இருந்தது. பெண்கள் எத்தனை பேர் வருகிறார்கள் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யலாம் என்று அங்கே யாரும் காத்திருக்கவில்லை.

எட்டுப் பேர் விதி எங்களை எப்படித் தாக்குகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை நீங்கள் பார்க்கத் தவறிவிட்டீர்கள் என்று நம்புகிறேன். பெண்கள் பிரிவில் பெயர்கள் எப்போதும் போட்டிக்கு முந்தைய கடைசி வாரத்தில்தான் சேரும். ஆர்வக் குறைவு என்று அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மாதம் முன்னால் "கண்டிப்பாக வருகிறேன்" என்று சொல்லும் உரிமை எங்களில் பலருக்கு இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வரலாம், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் தேதி விழலாம், மாதவிடாய் எந்த வாரத்தில் வரும் என்று பார்க்க வேண்டும், கணவரின் ஷிப்ட் அட்டவணை வர வேண்டும். இவையெல்லாம் தெளிந்த பிறகுதான் பணம் கட்டுவோம். போன ஆண்டு முன்பதிவு முடிந்த நாளில் எங்கள் பிரிவில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பெயர்கள். போட்டியன்று காலை கோட்டில் நின்றவர்கள் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அந்த நாள் படங்கள் உங்களிடமே இருக்கின்றன, எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஆண்டு நீங்கள் எண்ணப்போவது முன்பதிவு முடியும் நாளில். அன்றைக்கு எண்ணினால் பெண்கள் பிரிவு நிச்சயம் ரத்தாகும். அப்புறம் பெண்களே வருவதில்லை என்று அடுத்த ஆண்டு அறிக்கையில் எழுதுவீர்கள்.

ஆண்களோடு பொதுப் பிரிவில் ஓட்டிக்கொள்ளலாம் என்பது தீர்வு ஆகாது. இருபது வயதுப் பையன்களோடு ஒற்றையடித் தடத்தில் ஒதுங்கி ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டே ஓட்டினால், அன்றைக்கு நான் யாரோடு போட்டி போட்டேன் என்பதே எனக்குத் தெரியாது. உலக சைக்கிள் அமைப்பான யூசிஐ வயதில் மூத்தவர்களை மாஸ்டர்ஸ் என்று தனியாகப் பிரித்து, வயது வாரியாக வகுத்து உலகப் பட்டம் கொடுக்கிறது. நாற்பது வயதுக்காரி நாற்பது வயதுக்காரியோடு போட்டியிடுவதில்தான் அந்த ஒரு மணி நேரத்துக்கு அர்த்தம் இருக்கிறது.

தாயான பிறகு பெண்ணால் இந்த விளையாட்டில் என்ன முடியும் என்பதற்கு உலகத்தில் சாட்சி இருக்கிறது. நார்வேயின் குன்-ரீட்டா டாலே 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். 2009இல் மகன் பிறந்தான். 2013இல் மராத்தான் மலைசைக்கிளில் மறுபடியும் உலகப் பட்டம் வென்றார். கனடாவின் கேத்தரின் பென்ட்ரெல் 2021 ஜனவரியில் மகளைப் பெற்று, அதே ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டினார். அவர்களை நினைத்தால் எனக்குக் கண் கலங்கும். அவர்களுக்குப் பின்னால் அணியும் பிசியோவும் சம்பளமும் இருந்தன. எங்களுக்குப் பின்னால் மாமியாரும் பக்கத்து வீட்டு அக்காவும் இருக்கிறார்கள். அவர்களிடமும் நாங்கள் கேட்கக்கூடிய உதவிக்கு ஒரு அளவு உண்டு. அந்த அளவுக்குள் போட்டியை வைத்திருந்ததால்தான் இத்தனை ஆண்டு நாங்கள் வந்தோம்.

குழந்தைகள் ஓட்டம். இதை எடுத்ததுதான் எனக்கு மிகவும் வலித்தது. தோப்புக்குள் கயிறு கட்டி, புல்லில் ஒரு சின்ன வட்டம் போட்டு, பெரியவர்கள் போட்டி முடிந்து முடிவுகள் வருவதற்குள் நடத்திக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்கு அதிகச் செலவு இல்லாத அரை மணி நேரம். அது இருந்ததால்தான் என் பிள்ளைகளுக்கு இது "அம்மாவோட ரேஸ்" ஆக இல்லாமல் "நம்ம ரேஸ்" ஆக இருந்தது. ஜூலையிலிருந்தே மகன் தெருவில் ஸ்டார்ட் பழகுவான். ஞாயிறு காலை நான் இல்லாததைப் பற்றி அவன் அழாமல் இருந்ததற்கு அது பெரிய காரணம். கணவருக்கும் அப்படித்தான்; பிள்ளைகளும் ஓட்டுகிறார்கள் என்பதால் முழுக் குடும்பமும் வேனில் ஏறி வரும். அவர்கள் வந்தால்தான் உங்கள் கடைகளில் இளநீரும் சாப்பாடும் விற்கும். இந்த ஆண்டு அவர்களுக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை. மகன் என்னிடம் "நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டான்.

உங்கள் பக்கம் இருக்கும் சிரமங்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. தோப்பு உரிமையாளரின் சம்மதம், போலீஸ் அனுமதி, ஆம்புலன்ஸ், வனத்துறையிடம் போய் நிற்பது, ஸ்பான்சரின் நிபந்தனை. பண்டிகை நேரத்தில் விளம்பரம் அதிகம் போய்ச் சேரும் என்று ஸ்பான்சர் கேட்டதாகக் குழுவில் ஒருவர் சொன்னார். பணம் போடுபவர் கேட்பார்தான். ஆனால் நுழைவுக் கட்டணமாக நாங்களும் பணம் போடுகிறோம், எங்களிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்பியிருந்தால் ஒரே நாளில் பதில் வந்திருக்கும்.

எங்கள் கோரிக்கைகளைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். எங்கள் பிரிவில் வழக்கமாக ஓட்டும் பெண்களிடமும், பிள்ளைகளுள்ள ஆண்கள் சிலரிடமும் பேசிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இந்த ஆண்டுப் போட்டியைப் பழைய தேதிக்கே கொண்டுவாருங்கள். அதற்கு இனி முடியாது என்றால், பொங்கல் முடிந்து தை மாதத்தில் ஒரு ஞாயிறு வையுங்கள். மழை ஓய்ந்திருக்கும், மண் இறுகியிருக்கும், காலைக் குளிரும் ஓட்டத்துக்கு நல்லது. புதிதாகப் பன்னிரண்டு வாரம் எண்ணிக்கொள்ள எங்களுக்கும் நேரம் கிடைக்கும். எந்தத் தேதியானாலும் மாற்றத்தால் வர முடியாதவர்களுக்குக் கட்டணத்தை முழுசாகத் திருப்பிக் கொடுங்கள்.

இனி வரும் ஆண்டுகளில் தேதியை ஆறு மாதம் முன்னால் அறிவியுங்கள். அறிவிக்கும் முன் பள்ளித் தேர்வு அட்டவணையையும் பண்டிகைகளையும் ஒரு முறை பாருங்கள். கடைசிப் பன்னிரண்டு வாரத்துக்குள் மழை, அனுமதி மறுப்பு போன்ற தவிர்க்க முடியாத காரணங்கள் தவிர வேறு எதற்கும் மாற்றுவதில்லை என்று விதியில் எழுதுங்கள்.

சனிக்கிழமைப் பயிற்சியை விருப்பமுள்ளவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு ஞாயிறு காலை ஆறிலிருந்து ஏழரை வரை பாதையைத் திறந்து விடுங்கள். அந்தப் பாறை இறக்கத்தில் இரண்டு தன்னார்வலர்களை நிறுத்தி, பக்கத்தில் சுற்றிப் போகிற ஒரு எளிய பி லைனையும் வெட்டிக் கொடுங்கள். பெரிய போட்டிகளிலும் அப்படித்தான் செய்கிறார்கள். முந்தைய நாள் ஒரு சுற்று ஓட்டிவிட்டதால் மட்டும் அந்தப் பாறை பாதுகாப்பாகிவிடாது. மாற்று வழி இருந்தால் விழுவது குறையும்.

எட்டுப் பேர் விதியை நீக்குங்கள். மூன்று பேர் வந்தாலும் பெண்கள் பிரிவை நடத்துங்கள். தனி ஓட்டத்துக்கு நேரமில்லை என்றால், ஆண்களுக்கு இரண்டு நிமிடம் கழித்து எங்களைக் கிளப்பிவிட்டு, முடிவை மட்டும் தனியாகப் போடுங்கள். நேரம் எடுக்கும் சிப் எல்லாருடைய சைக்கிளிலும்தான் இருக்கிறது. நாற்பதைத் தாண்டிய பெண்களுக்குத் தனி வரிசை கொடுங்கள். பரிசுப் பணம் கூட வேண்டாம்; அந்தப் பணத்தில் பெண்களுக்கு நல்ல கழிப்பறையும் உடை மாற்ற மறைவான ஓர் இடமும் ஏற்பாடு செய்யுங்கள். போன ஆண்டு ஒரு டெம்போவின் பின்னால் துண்டைப் பிடித்துக்கொண்டு உடை மாற்றினோம்.

குழந்தைகள் ஓட்டத்தை இந்த ஆண்டே திரும்பக் கொண்டுவாருங்கள். ஆள் போதவில்லை என்றால் நாங்கள் வருகிறோம். கயிறு கட்டவும், எண் அட்டை குத்தவும், கோட்டில் நிற்கவும் பெற்றோர் சிலர் இப்போதே பெயர் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலை இந்த மடலோடு அனுப்புகிறேன்.

அமைப்புக் குழுவில் போட்டியில் ஓட்டும் பெண் ஒருவருக்கும், சின்னப் பிள்ளைகள் உள்ள ஒரு போட்டியாளருக்கும் இடம் கொடுங்கள். கூட்டத்தை இரவு எட்டரைக்கு மேல், ஆன்லைனில் வைத்தால் எங்களால் கலந்துகொள்ள முடியும்.

முன்பதிவு முடிய இன்னும் சில வாரம் இருக்கிறது. அதற்கு முன் இந்தக் கோரிக்கைகள் ஒவ்வொன்றுக்கும், முடியும் அல்லது முடியாது என்று காரணத்தோடு, எல்லாருக்கும் தெரியும்படி எழுத்தில் பதில் கொடுங்கள். எங்கள் வீடுகளில் அடுத்த ஞாயிறு யார் எங்கே இருப்பார்கள் என்பதை நாங்கள் அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
பெண்கள் பிரிவில் ஓட்டும் ஒரு தாய்,
கோயம்புத்தூர்